குதிரையை டிரெய்லரில் ஏற்றப் பழக்குதல்

குதிரை தானாக நடந்து வண்டிக்குள் ஏறவும், உள்ளே அமைதியாக நிற்கவும், நிதானமாக இறங்கவும் கற்பிக்கும் பயிற்சி. குதிரை வேட்டை விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம். ஆபத்தென்றால் ஓடித் தப்புவதே அதன் இயல்பு. டிரெய்லரோ இருண்ட, ஒடுங்கிய பெட்டி. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது குதிரையின் கண்கள் மனிதக் கண்களைவிட மெதுவாகவே பழகுகின்றன. வண்டியில் ஏறுவதற்கான சாய்பலகையில் குளம்பு பட்டதும் எழும் ஓசையும் அதை மிரட்டுகிறது. ஏற மறுப்பதைப் பிடிவாதம் என்பது தவறு. பெரும்பாலும் அது அச்சமே.

பயிற்சி வண்டிக்கு வெளியே தொடங்குகிறது. தலைக்கயிற்றை மெல்ல இழுத்து, குதிரை ஓரடி முன்வைத்த கணமே தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்பது அதற்குப் புரியாது. பின்னோக்கி நடக்கவும் பழக்க வேண்டும். பிறகு தரையில் கிடத்திய பலகை, அடுத்து சாய்பலகையில் முன்னங்கால்கள் மட்டும், கடைசியாக முழு உடல். சாட்டையடி பாடத்தைக் கெடுக்கும்: வண்டி என்றாலே வலி என்று குதிரை நினைவில் வைத்துக்கொள்ளும்.

குதிரை உள்ளே ஏறியதும், அதன் பின்னால் குறுக்கே வரும் பின்தடுப்புக் கம்பியைப் பூட்டிய பிறகே தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும்; இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பின்வாங்கும் குதிரை கயிறு இழுபட்டுப் பதறிப் படுகாயம் அடையக்கூடும்.

குதிரையை வண்டியில் ஏற்றிச் செல்வதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பந்தயக் குதிரைகள் ஊர் ஊராக நடத்தியே கொண்டுசெல்லப்பட்ட காலத்தில், 1836இல், இங்கிலாந்தின் ஜார்ஜ் பென்டிங்க் பிரபு எலிஸ் என்ற குதிரையைக் குதிரைகள் இழுத்த கூண்டு வண்டியில் டான்காஸ்டருக்கு அனுப்பினார். அவ்வாண்டு அங்கு நடந்த செயின்ட் லெஜர் குதிரைப் பந்தயத்தில் வென்றது எலிஸ்தான்.