லோயர் கேம்பில் முகாம் போட்டது யார்?

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ் ஏறியவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நல்ல தமிழ்ப் பெயர்களாக வந்துகொண்டே இருக்கும். மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் கண்டக்டர் திடீரென்று "லோயர் கேம்ப்" என்று குரல் கொடுப்பார். ஊருக்குப் பெயரே கேம்ப். கீழே ஒரு கேம்ப் என்றால் மேலேயும் ஒன்று இருந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கே யார் தங்கினார்கள், எதற்காகத் தங்கினார்கள், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதிவிட்டார்கள். 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்ற சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. அணை கட்டுவதற்கு முன்னால், அந்த ஆற்றங்கரைக் காட்டுக்குள் மனிதர்கள் தங்க வேண்டியிருந்தது. அணை கட்டுவதைவிட அதுதான் பெரிய பாடாக இருந்திருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று பார்ப்போம்.

முதலில் இடம். மேற்குத்தொடர்ச்சி மலைக்குள் பெரியாறும் முல்லையாறும் கூடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் மலை நெருக்கி நிற்கும் ஓர் இடுக்கு. கடல் மட்டத்திலிருந்து 2,800 அடிக்கு மேல். இன்று அது கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் பெயரிலேயே இடுக்கு இருப்பதைக் கவனியுங்கள். ஆற்றை மறிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. மனிதன் குடியிருக்க இதைவிட மோசமான இடமும் கிடைக்காது. அடர்ந்த காடு, யானைக் கூட்டம், வருடத்தில் பாதிக்கு மேல் மழை. பக்கத்தில் ஊர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

மேற்கே அரபிக்கடலுக்கு ஓடும் இந்தத் தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்பலாம் என்ற யோசனை வெள்ளைக்காரர்களுடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதற்காக மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். செலவு கட்டுப்படியாகாது என்று அந்த யோசனை அப்போதே நின்றுவிட்டது. 1808-ல் கால்டுவெல் என்ற கம்பெனி அதிகாரி ஆராய்ந்துவிட்டு, இது வெறும் பகற்கனவு என்கிற பாணியில் அறிக்கை கொடுத்தார். (திருநெல்வேலி பாதிரியார் கால்டுவெல் வேறு, இவர் வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எனக்கு முக்கியமாகப் படுவது 1850-ல் நடந்த முயற்சி. அந்த வருடம் உண்மையிலேயே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் மண் அணை போட வேலையை ஆரம்பித்தார்கள். நடுவிலேயே கைவிட்டார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போனதாலோ, இன்ஜினியரின் கணக்கு தப்பியதாலோ அல்ல. தங்குகிற இடம் உடம்புக்கு ஆகாது, இந்தக் கூலிக்கு இங்கே இருக்க முடியாது, கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று வேலையாட்கள் கேட்டார்கள். கொடுக்க மனமில்லை, வேலை நின்றது. முதல் பெரியாறு அணை தோற்றது முகாமில்தான். பாடப்புத்தகத்தில் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ இது ஒரு வேலைநிறுத்தத்தின் கதையாகவே படுகிறது. உயிருக்கு என்ன விலை என்று கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு திட்டம் பல தடவை காகிதத்தில் வந்து வந்து போனது. 1876-ல் தாது வருஷப் பஞ்சம் ஆரம்பித்தது. மதுரைச் சீமையில் அந்தப் பஞ்சத்தின் பேச்சு இன்றுவரை இருக்கிறது. மேலூர்ப் பக்கம் மழை பொய்த்தால் வயலும் பொய்க்கும், வைகையும் மணலாகக் கிடக்கும். பஞ்சம் ஓய்ந்த பிறகு அரசாங்கம் மறுபடி அந்தப் பழைய காகிதங்களை எடுத்தது. 1882-ல் மேஜர் ஜான் பென்னிகுயிக்கிடம் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொன்னார்கள். 1884-ல் அது ஒப்புதலானது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், 999 வருடம், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய்.

நான் பி.காம் படிப்பவன், கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. வருடம் 40,000 ரூபாய். 1970-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கும்வரை, ஏறக்குறைய 84 வருடம் அதே 5 ரூபாய்தான். எங்கள் வகுப்பில் 'நீண்டகாலக் குத்தகை' என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் யாரும் தர மாட்டார்கள். நிலத்துக்கு விலை எழுதினார்கள், தண்ணீருக்குத் தனி விலை எழுதவில்லை. அங்கே போய்த் தங்கப் போகிற ஆட்களைப் பற்றி எழுத அந்த ஒப்பந்தத்தில் இடமே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை.

1887-ல் வேலை ஆரம்பம். இப்போது முகாமுக்கு வருவோம்.

ஒரு மூட்டை அரிசி மேலே போய்ச் சேர்வது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். ரயில் இருந்தது அம்மையநாயக்கனூர் வரை. இன்றைய கொடைரோடு ஸ்டேஷன்தான் அது. அங்கிருந்து மலையடிவாரத்துக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் மாட்டுவண்டி. பெரியகுளம், தேனி, கம்பம் வழியாக வண்டி நகர்ந்து வந்து சேரும் இடம் கூடலூருக்கு மேற்கே, இன்றைய லோயர் கேம்ப் பக்கம். சாமான் குவிப்பதும் வண்டி அவிழ்ப்பதும் மேலே போகும் ஆட்கள் இளைப்பாறுவதும் அங்கேதான். அங்கிருந்து மலைமேல் கம்பிவடம் கட்டிச் சாமான்களைத் தொங்கவிட்டு இழுத்தார்கள். உச்சிக்கு வந்ததும் தேக்கடி. அதற்கப்புறம் காட்டு ஓடையை ஆழப்படுத்திப் படகில் அணை இடத்துக்கு. இத்தனையும் தாண்டித்தான் அரிசி உலைக்குப் போகும். அதே வழியில்தான் சுண்ணாம்பும் இரும்பும் வெடிமருந்தும் போயின. காயலா கண்ட ஆளும் அதே வழியில்தான் இறங்கி வர வேண்டும்.

யார் யார் இருந்தார்கள்? சமவெளியிலிருந்து வந்த கூலியாட்கள்தான் பெருங்கூட்டம். அவர்களோடு சென்னை ராணுவத்தின் பயனியர் படையில் 1-வது, 4-வது பட்டாளத்து வீரர்கள். பயனியர் படை என்பது துப்பாக்கியோடு மண்வெட்டியும் பிடிக்கும் படை. ரோடு போடுவது, பாலம் கட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. மர வேலைக்குக் கொச்சியிலிருந்து போர்த்துகீசிய வம்சாவளித் தச்சர்கள். தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே ஆற்றங்கரையில். அந்தச் சாயங்காலங்களை நினைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆனால் பிக்னிக் என்று நினைத்துவிடாதீர்கள். இரவில் விறகுக் கட்டைகள் எரிந்தது குளிருக்கும் யானைக்கும்.

வேலை என்ன? பெரிய அணையின் அடிவாரத்தை எழுப்ப முதலில் ஆற்றை ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். அதற்குத் தற்காலிகத் தடுப்பணைகள் போடுவார்கள். மலைமேல் ஒரு மழை அடித்தால் போதும், நாட்கணக்கில் போட்ட தடுப்பு காலையில் இருக்காது. மறுபடி போடுவார்கள். மறுபடி போகும். இன்னொரு பக்கம் மலையைக் குடைந்து சுமார் 5,700 அடிக்குச் சுரங்கம். மேற்கே ஓடுகிற தண்ணீரைக் கிழக்கே கொட்டுவது அதுதான். அதன் வழியாக வரும் தண்ணீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் சேர்ந்து, வைகைக்கு வருகிறது.

இங்கே ஒரு கொடுமையான முடிச்சு இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் இறங்கும் கோடை மாதங்கள்தான் அஸ்திவார வேலைக்குத் தோதானவை. அந்த மாதங்களில்தான் காய்ச்சலும் உச்சத்துக்கு ஏறும். ஆகவே கோடையில் முகாமைக் காலி செய்துவிட்டுக் கீழே இறங்கினார்கள். மழையோடு திரும்பி ஏறினார்கள். அதாவது ஆறு பொங்குகிற சமயத்தில்தான் ஆற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அணை வேலையின் கால அட்டவணையைப் போட்டது பென்னிகுயிக் அல்ல, கொசு.

ஆனால் கொசுதான் காரணம் என்று அந்த முகாமில் ஒருவருக்கும் தெரியாது. மலேரியாக் கிருமியை 1880-லேயே லாவெரான் கண்டுபிடித்திருந்தார். அதைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897 ஆகஸ்டில். அணை திறந்தது 1895-ல். இரண்டே வருடம்! காட்டின் கெட்ட காற்றுதான் காய்ச்சல் தருகிறது என்று நம்பிக்கொண்டு, வெட்டிய குழிகளில் மழைத்தண்ணீர் தேங்க, பக்கத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். கொயினா மருந்து அந்தக் காலத்திலேயே உண்டு. வந்த காய்ச்சலுக்கு அது மருந்து, வராமல் தடுக்கக் கொசுவலை கட்ட வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? இது போதாதென்று காலரா. ஒரே ஆற்றங்கரையில் அவ்வளவு பேர் குடித்தனம் நடத்தினால் வேறென்ன வரும்?

திட்டத்தில் வேலை பார்த்த இன்ஜினியர் ஏ.டி.மெக்கன்சி பிற்பாடு இந்த அணையின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். நாட்டுச் சாராயம் என்ற மருந்து இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்ற பொருளில் அதில் ஒரு குறிப்பு வருகிறது. இதைப் படித்துவிட்டுப் பலர் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க ஈரத்தில் நின்றவனுக்குக் குளிரும் பயமும் போக அங்கே கிடைத்தது அது ஒன்றுதான்.

நோயில் இறந்தவர்கள் என்று கணக்கில் இருப்பது 483 பேர். அணைக்கு வடக்கே அங்கேயே புதைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. கணக்குப் படிக்கிறவனாக எனக்கு ஒரு சந்தேகம். காய்ச்சலோடு மலையிறங்கி, மாட்டுவண்டியில் ஊர் போய்ச் சேர்ந்து, சொந்த வீட்டுத் திண்ணையில் கண்ணை மூடியவர் இந்த 483-ல் எப்படி வருவார்? முகாமில் செத்தால் முகாமுக்குச் செலவு, வீட்டில் செத்தால் அந்த வீட்டுக்குச் செலவு.

1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். தண்ணீர் வந்தது. பேரணையில் திருப்பிவிடப்பட்டு மேலூர் வரை வாய்க்காலில் ஓடியது. இன்று மதுரையைச் சுற்றி இருபோகம் விளைகிற ஊர்களுக்குப் பின்னால் அந்த எட்டு வருட முகாம் இருக்கிறது.

பென்னிகுயிக் சொத்தை விற்று, மனைவியின் நகையை விற்று அணை கட்டினார் என்று நம் ஊரில் சொல்வார்கள். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை, எனக்கும் பிடித்த கதைதான். ஆனால் வேலை நடந்தது சென்னை அரசாங்கத்தின் பணத்தில். நகை விற்றதற்கு யாரும் இதுவரை ஆவணம் காட்டியதில்லை. கதை இல்லாமலேயே அவர் பெரிய மனிதர்தான். அவ்வளவு உயரத்தில், அந்த வெள்ளத்தில், சுண்ணாம்பும் சுர்க்கியும் வைத்து இன்றுவரை நிற்கிற ஒன்றைக் கட்டியிருக்கிறார். தல்லாகுளத்தில் பொதுப்பணித்துறை வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. லோயர் கேம்பில் 2013 ஜனவரி 15-ல், அவருடைய பிறந்தநாளில், மணிமண்டபம் திறந்தார்கள். பாலார்பட்டியில் அவர் பெயரைச் சொல்லிப் பொங்கல் வைக்கிறார்கள். வேண்டும், செய்யட்டும். அந்தக் கதையில் எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. விற்றவர் ஒருவர், கட்டியவர் ஒருவர் என்று ஆகிவிட்டால், நகையே இல்லாமல் மேலே போனவர்கள் கதையில் எங்கே நிற்பார்கள்?

இன்று அந்தப் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில். ஏரியைச் சுற்றியுள்ள காடு 1978-ல் புலிகள் காப்பகமானது. தேக்கடியில் காசு கட்டினால் காட்டுக்குள் கூடாரம் போட்டு இரவு தங்கலாம். வழி காட்டிச் சமைத்துக் காவல் இருப்பவர்களில் பலர், முன்பு அதே காட்டில் திருட்டுத்தனமாக வேட்டையாடியவர்கள், மரப்பட்டை உரித்து விற்றவர்கள். வனத்துறை அவர்களுக்கே அந்த வேலையைக் கொடுத்தது நல்ல காரியம். அட்டைக்கு உறை, கொசுவுக்குக் களிம்பு எல்லாம் இப்போது உண்டு.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் பெரியாற்று வேலைக்கு மலை ஏறியவர் என்று உங்கள் வீட்டில் யார் பெயராவது பேச்சில் வந்தால், அப்பத்தாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதி வையுங்கள். எந்த ஊர், என்ன வேலை, திரும்பி வந்தாரா என்று மூன்று விவரம் இருந்தால் போதும். எனக்கும் சொல்லுங்கள்.