கனிமரத்தின் காவல்

பழமரம் நடுவோன் தனக்காக மட்டும் நடுவதில்லை; தன் பேரப்பிள்ளைகளுக்காகவும் நடுகிறான். ஆகவே, பூச்சியிடமிருந்து மரத்தைக் காக்கும் கவலை தோட்டக்கலையைப் போன்றே பழமையானது.

டென்மார்க் மன்னர் 1761-இல் அரபு நாடுகளுக்கு அனுப்பிய ஆய்வுக் குழுவில் ஃபோர்ஸ்கால் என்னும் இயற்கை நூலறிஞர் இருந்தார். 1763-இல் யமன் நாட்டிலேயே அவர் மறைந்தார். அவருடைய குறிப்புகளைத் தோழர் நீபூர் 1775-இல் பதிப்பித்தார். பேரீத்த மரங்களைக் கெடுக்கும் எறும்புகளை ஒழிக்க, யமன் நாட்டார் வேறோர் எறும்பினத்தை ஆண்டுதோறும் மலைகளிலிருந்து கொணர்ந்து விட்ட செய்தியை அதில் காண்கிறோம். உயிரைக் கொண்டே உயிரை அடக்கிய அறிவு அது!

மரத்திற்குள்ளேயே காவலை வைப்பது அடுத்த படி. ஆப்பிள் மரத்தின் சாற்றை உறிஞ்சும் கம்பளி அசுவினியால், நியூயார்க்கில் தோன்றிய 'நார்தர்ன் ஸ்பை' வகையை வெல்ல இயலவில்லை. ஆகவே ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்கள் அதனை வேர்ச்செடியாகக் கொண்டு ஒட்டுக் கட்டினர். ஆயினும் அந்தக் காவலையும் மீறும் அசுவினிகள் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பின்னர் தோன்றின.

மூன்றாம் படி மரபணுப் பொறியியல். பட்டுப்புழுக்களைக் கொல்லும் ஒரு நுண்ணுயிரை 1901-இல் ஜப்பானியரான இஷிவாதா கண்டார். 1915-இல் ஜெர்மானியரான பெர்லினர், அதனைத் தாம் கண்ட துரிங்கியாவின் பெயரை அதற்குச் சூட்டினார். அதன் நச்சுப் புரதத்தை ஆக்கும் மரபணுவைப் புகையிலைச் செடியில் பொருத்திய செய்தி 1987-இல் வெளிவந்தது. 1990-களில் கலிபோர்னிய அறிஞர்கள் அக்ரூட்டின் ஆய்வகக் கருக்களில் அத்தகைய மரபணுவைப் புகுத்தி, காய்களைத் துளைக்கும் அந்துப்பூச்சியின் புழுக்களை அவை எதிர்ப்பதைக் கண்டனர்.

இங்கே நாம் சிந்திக்க வேண்டும். இதே முறையில் அமைந்த பருத்தி 2002-இல் இந்தியாவிற்கு வந்தது. அதில் முதலில் புகுத்தப்பட்ட நச்சுப் புரதத்திற்கு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அஞ்சாது வாழப் பழகிவிட்டது குஜராத்தில் தெரிந்தது; 2010-இல் அச்செய்தி அறிவிக்கப்பட்டது. பருத்தி விதையை அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். பல்லாண்டு நிற்கும் மரத்தை அவ்வாறு மாற்ற முடியுமா? மரம் ஒரு தலைமுறை வாழ்வதற்குள் பூச்சி பல தலைமுறைகளைக் கண்டுவிடுகிறதே!

புதிய அறிவை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அதை மட்டுமே நம்பிக் கண் அயரவும் கூடாது. மரத்தினுள் ஒரு காவலை வைத்தாலும், யமன் தோட்டக்காரரின் எறும்பையொத்த வெளிக்காவலையும் கைவிடலாகாது. தோட்டம் நமது உடைமை மட்டுமன்று. வரும் தலைமுறையின் அமானிதமுமாகும்.