'ஃபுட்ஸ்' என்று எழுதிய மாணவன்



இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒருமைச் சொற்களைப் பன்மையாக மாற்றும் பயிற்சி அது. 'புக்' என்பதைப் 'புக்ஸ்' என்றும் 'கேட்' என்பதைக் 'கேட்ஸ்' என்றும் பிழையின்றி எழுதிய ஒரு மாணவன், பாதத்தைக் குறிக்கும் 'ஃபுட்' என்னும் சொல்லை 'ஃபுட்ஸ்' என எழுதினான். சிவப்பு மையால் பிழைக் குறியிட்டேன். "ஏன் டீச்சர் தப்பு? நீங்கதானே 'எஸ்' போடச் சொன்னீங்க?" என்றான். வகுப்பே சிரித்தது. "அது அப்படித்தான், மனனம் செய்துகொள்" என்றேன். அன்று முழுவதும் அவன் மீண்டும் கையை உயர்த்தவில்லை.

என் விடை எனக்கே உறுத்தலாக இருந்தது. அதன் பிறகே ஆங்கிலப் பன்மையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் பன்மைக்குப் பல வழிகள் இருந்தன. கல்லைக் குறித்த 'ஸ்டான்' பன்மையில் 'ஸ்டானஸ்' ஆனது. எருதைக் குறித்த 'ஒக்ஸா' 'ஒக்ஸன்' ஆனது. செம்மறியாட்டைக் குறித்த சொல்லோ பன்மையிலும் மாறாமல் நின்றது. இன்றைய 'ஷீப்' அதன் வழிவந்ததே.

'ஃபுட்' என்பதன் கதை இன்னும் பழையது. எழுத்தில் பதிவாவதற்கு முந்தைய காலத்தில் இச்சொல்லின் பன்மை விகுதியில் இகர ஒலி இருந்தது. அதை ஒலிக்க முனைந்த நா முன்கூட்டியே முன்னோக்கி நகர்ந்ததால், சொல்லின் நடுவிலிருந்த ஓகாரம் நாளடைவில் ஏகாரமாகத் திரிந்தது. பின்னர் விகுதி தேய்ந்து மறைந்தது. திரிந்த உயிரொலி மட்டும் பன்மையின் அடையாளமாக எஞ்சியது. பிற்கால ஒலி மாற்றங்களால் அதுவே 'ஃபீட்' ஆயிற்று. 'மென்', 'டீத்', 'கீஸ்' ஆகியவையும் இவ்வாறு பிறந்தவையே.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். அதன்பின் பல தலைமுறைகளுக்கு அரசவையில் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. மக்கள் நாவில் வழங்கிய ஆங்கிலத்தில் விகுதிகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. வடபகுதியில் 'எஸ்' விகுதி விரைந்து பரவியது. தென்பகுதியில் 'என்' விகுதி நெடுங்காலம் தாக்குப்பிடித்தது.

இந்தப் போட்டிக்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. இங்கிலாந்தில் 1476-இல் முதல் அச்சகத்தை நிறுவிய வில்லியம் காக்ஸ்டன், 1490-இல் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில் அதைக் கூறுகிறார். தேம்ஸ் ஆற்று வழியே கப்பலில் புறப்பட்ட வணிகர் சிலர் காற்றின்றிக் கரையிறங்கினர். அவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணியிடம் முட்டைகள் வேண்டி 'எக்ஸ்' என்று கேட்டார். தமக்குப் பிரெஞ்சு தெரியாது என்றார் அப்பெண்மணி! மற்றொருவர் 'ஐரென்' என்ற பிறகே அவருக்குப் புரிந்தது. முதற்சொல் வடக்கத்தியர் மொழியிலிருந்து வந்தது; 'எஸ்' விகுதி பெற்றது. இரண்டாவது பழைய ஆங்கிலச் சொல். 'என்' விகுதி பெற்றது. இறுதியில் 'எஸ்' வென்றது. தோற்ற 'என்' இன்று 'ஆக்ஸன்', 'சில்ட்ரன்' போன்ற மிகச் சில சொற்களில் மட்டுமே வாழ்கிறது.

'சில்ட்ரன்' என்பதில் மற்றொரு வியப்பும் உண்டு. பழைய பன்மையான 'சில்ட்ரு' பிற்காலத்தவர்க்குப் பன்மையாக உறைக்கவில்லை போலும். அதன்மேல் 'என்' விகுதியையும் சேர்த்தனர். நம் தமிழிலும் இது நிகழ்ந்துள்ளது. 'அவர்' என்பது பன்மைதான். அது மரியாதை ஒருமையாகவும் வழங்கவே, 'கள்' சேர்த்து 'அவர்கள்' என்றோம்.

நம் பிள்ளைகள் மும்மொழி கற்பவர்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழில் 'பத்து மாடு' என்றாலே போதும். எண்ணே பன்மையை உணர்த்திவிடும். மலாய் மொழியில் 'புக்கு-புக்கு' எனச் சொல்லை இரட்டிப்பர். ஆனால், எண் முன்னே வந்தால் 'தீகா புவா புக்கு' என இரட்டிக்காமலே கூறுவர். எனவே, 'த்ரீ புக்' என எழுதும் பிள்ளை, தான் அறிந்த இரு மொழிகளின் முறையை மூன்றாவதிலும் கையாள்கிறது.

1958-இல் ஜீன் பெர்க்கோ என்னும் ஆய்வாளர் கற்பனை உயிரினம் ஒன்றின் படத்தைச் சிறுவர்களிடம் காட்டி, அதன் பெயர் 'வக்' என்றார். இரண்டைக் காட்டியபோது சிறுவர் பலர் 'வக்ஸ்' என்றனர். அதற்கு முன் அச்சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை. விதி அவர்கள் மனத்தில் பதிந்திருந்தது. 'ஃபுட்ஸ்' என்று எழுதிய என் மாணவனும் அதே விதியைத்தான் கையாண்டான்.

அடுத்த வாரம் வகுப்பில் அந்த முட்டைக் கதையைச் சொன்னேன். 'ஃபுட்ஸ்' என்று எழுதியவன் விதியை நன்றாக அறிந்தவன் என்பதையும் அனைவர் முன்னிலையிலும் கூறினேன். 'ஷீப்' ஏன் மாறவில்லை என்று முதலில் கை உயர்த்திக் கேட்டவன் அவனே.

ஆசிரிய நண்பர்களே, பிழைக் குறியிடத்தான் வேண்டும். அதற்கு முன், அப்பிழைக்குப் பின்னால் இருக்கும் அறிவையும் ஒரு கணம் பார்ப்போம்.