பால்வாடியும் அங்கன்வாடியும்: இரு சொற்களின் வரலாறு

மூன்று வயதுக் குழந்தையைச் சேர்க்கும் இடத்திற்குத் தமிழகச் சிற்றூர்களில் வழங்கும் ‘பால்வாடி’ என்னும் பெயர், கேட்போர்க்குப் பாலை நினைவூட்டும். சொல்லின் பிறப்பு அதுவன்று. ‘பால’ என்பது குழந்தை; ‘வாடி’ குஜராத்தியிலும் மராத்தியிலும் தோட்டம் என்னும் பொருளுடையது. ஒலிப்புடைய வல்லினத்தையும் ஒலிப்பில்லாததையும் தமிழெழுத்து வேறுபடுத்தாமையால் குழந்தை பாலாயிற்று. உணவு வழங்கும் இடத்திற்கு இத்திரிபு பொருந்தியும் வந்தது எனலாம்.

இச்சொல்லின் பின்னணி பாவ்நகரில் தொடங்குகிறது. வழக்கறிஞரான கிஜுபாய் பதேகா (1885-1939) 1916இல் அங்குள்ள தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்து, 1920இல் பாலமந்திரைத் தொடங்கினார். மாண்டிசோரி முறையை ஏற்ற அவர், கதைக்கும் நாட்டுப் பாடலுக்கும் நாடகத்திற்கும் தம் பள்ளியில் பேரிடம் அளித்தார். அடியையும் அச்சுறுத்தலையும் விலக்கினார். ‘மீசை வைத்த தாய்’ என்றே மக்கள் அவரை அழைத்தனர். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வருமுன்பே அவரது முறை குஜராத்தி மொழியில் வேரூன்றிவிட்டது என்பது பலரும் மறக்கும் செய்தியாகும்.

1923இல் கிஜுபாயுடன் இணைந்த தாராபாய் மோடக், இக்கல்வி நகர்ப்புறக் குடும்பங்களுடன் நின்றுவிடலாகாது எனக் கருதினார். 1945இல் மகாராட்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில், அனுதாய் வாக் துணையுடன் பாலவாடியை அமைத்தார். விலைமிகுந்த கருவிகளின் இடத்தை விதையும் கிளிஞ்சலும் கூழாங்கல்லும் பெற்றன. எனினும் தீண்டாமைக்கு உட்பட்டோர் குடியிருப்பின் குழந்தைகள் வரவில்லை. எனவே ஆசிரியைகளே அக்குடியிருப்புக்குச் சென்று வீட்டு முற்றத்தில் வகுப்பை நடத்தினர். ‘அங்கன்’ என்றால் முற்றம்; அங்கன்வாடி அவ்வாறே பிறந்தது. இதனோடு உறவுடைய ‘அங்கணம்’ குறளிலும் உண்டு. பரிமேலழகர் அதனைத் தூய்மையற்ற முற்றம் என விளக்குவார். சமூகம் அவ்வாறு ஒதுக்கிய முற்றமே இங்குப் பள்ளியாயிற்று.

1957இல் பணி கோஸ்பாட் மலைப்பகுதிக்கு மாறியது. அங்கு வார்லிப் பழங்குடிக் குழந்தைகளின் வீட்டுப்பேச்சு வேறு, பள்ளி மராத்தி வேறு. தம்பி தங்கையரைச் சுமக்கும் சிறுமியர் படிக்க இயலாமை மற்றொரு தடை. இதற்கெனக் குழந்தைக் காப்பகம், பாலவாடி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் ‘விகாஸ்வாடி’ என இணைக்கப்பட்டன. மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் நிலத்திலேயே ‘குரண்சாலை’ நடந்தது. ‘குரண்’ என்பது மராத்தியில் மேய்ச்சல் நிலம்.

1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது, அங்கன்வாடி அனைத்திந்தியச் சொல்லாயிற்று. சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி ஆகிய மூன்றையும் அப்பெயர் ஏற்றது. ஆனால் பொருளில் ஒரு தலைகீழ் மாற்றம் நேர்ந்தது. போர்டியில் அது குழந்தையின் முற்றத்திற்குச் சென்ற பள்ளியைக் குறித்தது. இன்று குழந்தை சென்று சேரும் மையத்தைக் குறிக்கிறது. முற்றத்தில் ஆசிரியை கேட்டது குழந்தையின் வீட்டுப்பேச்சு. மையத்தில் குழந்தை முதலில் கேட்பதோ பல இடங்களில் மாநிலத்தின் பொதுமொழி.