ஒரு படி அரிசி எத்தனை கிலோ?

சமையல் குறிப்பு தேடுகிற பலரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. ஒற்றை வரியில் பதில் சொன்னால் அது பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். காரணம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் பொன்னை நிறுத்தார்கள், நெல்லை அளந்தார்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். வாய்ப்பாடு என்னவோ ஒழுங்காகத்தான் இருக்கிறது, ஆனால் பாத்திரம் அப்படியில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் காலக் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கு 'ஆடவல்லான்' என்று பெயரே உண்டு. அது 'ராஜகேசரி'க்குச் சமம் என்ற குறிப்பும் கூடவே வரும். எந்த மரக்கால் என்று சொல்லாமல் விட்டால் கணக்கு நிற்காது என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது! பிற்காலத்திலும் பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு.

பாத்திரம் ஒன்றேயானாலும் அளக்கிற கை ஒன்றல்ல. கோபுரமாகக் குவித்தால் ஒரு கணக்கு, தலை தட்டினால் வேறு கணக்கு. வாங்கும்போது குவித்து, விற்கும்போது தட்டினால் விலையை ஏற்றாமலே லாபம். (முதல் படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணுவது மங்கல வழக்கம்தான். ஆனாலும் பெயர் பொருத்தம் பாருங்கள் :-) )

இந்தக் கை வித்தைக்குத் தடை போட்டது தராசு. 1956-ல் எடை, அளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளுக்கு வந்தன. சட்டம் மாறியது, பேச்சு மாறவில்லை. 1967 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி. கிலோ வந்து பல வருடம் ஆன பிறகும், ஓட்டுப் போடுகிறவருக்குப் புரிந்த அளவு படிதான். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார்கள். நிதிச் சுமையால் அதுவும் நீடிக்கவில்லை.

கடையில் தோற்ற படி சமையலறையில் மட்டும் தோற்கவில்லை. அங்கே விலை கிடையாது, விகிதம்தான். இட்லிக்கு நாலு ஆழாக்கு அரிசி, ஒரு ஆழாக்கு உளுந்து என்றால், எந்த ஊர் ஆழாக்கு என்று யாரும் கேட்பதில்லை. ஒரே பாத்திரத்தால் இரண்டையும் அளந்தால் போதும்.

சிக்கல், பாட்டியின் குறிப்பைக் கிராமில் எழுதும்போது வருகிறது. ஒரு லிட்டர் பாத்திரத்தில் பச்சரிசி சுமார் 800 கிராம் பிடிக்கும். அதே பாத்திரத்தில் மெல்லிய அவல் அதில் பாதிகூட வராது. மாவோ, சலித்துப் போட்டால் ஒரு எடை, அழுத்திப் போட்டால் வேறு எடை. அதனால் படிக்கு இத்தனை கிராம் என்று ஒரே எண்ணை எல்லாப் பொருளுக்கும் போடும் அட்டவணையை நம்பவே கூடாது. வீட்டு ஆழாக்கில் அந்தந்தப் பொருளைத் தலை தட்டி அளந்து, ஒரு முறை தராசில் வைத்து எழுதிக்கொள்வதுதான் வழி.