இசட்ராம்

லினக்ஸ் கர்னலில் அடங்கிய திறந்த மூல நினைவக நிர்வாக மென்பொருள். நிதின் குப்தா தொடங்கிய ‘காம்ப்கேஷ்’ என்னும் திட்டத்தினின்றும் பிறந்தது. நினைவகம் நிரம்பியதும், உடனடியாகத் தேவைப்படாத ‘பக்கங்களை’ (நினைவகத்தின் சிறு கூறுகளை) வன்தட்டுக்கு அனுப்பிவைப்பதே பழைய சம்பிரதாயமாயிருக்க, இதுவோ அவற்றைச் சுருக்கி நினைவகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. 4,096 பைட் கொண்ட பக்கம் பாதிக்கும் கீழாகக் குறுகுவதுண்டு. பூஜ்யங்கள் மட்டுமே நிரம்பிய பக்கம் சேமிக்கப்படாமல் ஒரு குறிப்பாக மாத்திரம் நிற்கும். தில்லி முனிர்காவின் சந்தொன்றில், வாடகை அறையில், 2 ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில் உலாவியின் பத்துத் தாவல்களைத் திறந்துவைத்து ஆய்வேடு எழுதும் மாணவருக்கு, வன்தட்டு கரகரவென்று அரற்ற, திரையில் அம்புக்குறி உறைந்து நிற்கும் அவஸ்தை இதனால் பெரிதும் தணியும். சுருக்கவும் விரிக்கவும் செயலி படும் சிரமமே இதற்கான விலை. மிகப் பழைய செயலிகளுக்கு அது அற்பமன்று.

2010இல் வெளியான 2.6.33 கர்னலின் பரீட்சார்த்தப் பகுதியில் ‘ராம்இசட்ஸ்வாப்’ என்ற நாமத்துடன் நுழைந்த இம்மென்பொருள், 2014 மார்ச்சில் வெளியான 3.14 பதிப்பில்தான் அப்பகுதியை விட்டு நீங்கியது. நான்காண்டுக் காத்திருப்பு நீண்டதே. ஆயினும் நினைவகத்தைத் தொடும் நிரலில் நேரும் பிழை பயனரின் தரவையே சிதைக்கக்கூடுமாதலால், அந்நிதானம் நியாயமானதே. ஃபெடோரா என்னும் லினக்ஸ் வழங்கலின் 33ஆம் பதிப்பு, 2020இல், இதைத் தொடக்கத்திலிருந்தே இயங்கும்படி அமைத்தது.