வெள்ளை நில வரியும் வளைகுடா வாடகையும்

நகர எல்லைக்குள் குடியிருப்புக்கென ஒதுக்கப்பட்டும் எதுவும் கட்டப்படாமல் கிடக்கும் மனையைச் சவுதி அரேபியாவில் 'வெள்ளை நிலம்' என்கிறார்கள். அரபியில் 'அராதி பைதா'. அந்த நிலத்தின் மதிப்பில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அரசுக்குச் செலுத்தச் சொல்லும் ஏற்பாடே வெள்ளை நில வரி. சட்டம் இதைக் 'கட்டணம்' என்று குறிப்பிட்டாலும் நடைமுறையில் இது நில வரிதான். தனிநபர் வருமான வரி இல்லாத நாட்டில், நிலத்தைச் சும்மா வைத்திருப்பதற்கு வரி என்பது புதிய சிந்தனை. வளைகுடாவில் வாடகை வீட்டில் வாழும் நம்மவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஏன் வந்தது?

சவுதியில் நிலத்துக்குப் பஞ்சமில்லை. சாலையும் குடிநீரும் மின்சாரமும் எட்டிய நிலத்துக்குத்தான் பஞ்சம். அப்படிப்பட்ட நிலத்தில் பெரிய பரப்புகள், விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களிடம் பல ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தன. 2011 மார்ச்சில் மன்னர் அப்துல்லா 5 லட்சம் வீடுகள் கட்ட 25,000 கோடி ரியால் ஒதுக்குவதாக அறிவித்தார். வீட்டுவசதி அமைச்சகமும் அந்த மாதமே உருவானது. பணம் இருந்தது, நகருக்குள் கட்டுவதற்குத் தோதான நிலம் கிடைக்கவில்லை.

2015 நவம்பரில், மன்னர் சல்மான் ஆட்சியில், வெள்ளை நிலச் சட்டம் வந்தது. விதிமுறைகள் 2016இல் வெளியாயின. ரியாத், ஜித்தா, தம்மாம் ஆகிய நகரங்களில் 10,000 சதுர மீட்டருக்குக் குறையாத வெற்று மனைகளுக்கு, மதிப்பில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்பது முதற்கட்டம். வசூலாகும் தொகை வீட்டுவசதித் திட்டங்களுக்கே செல்லும். ஜகாத்தும் இரண்டரை சதவீதம்தான் என்றாலும் இது ஜகாத் அல்ல, தனி வரி.

இரண்டரை ஏன் போதவில்லை?

ஓர் எளிய கணக்கு போட்டுப் பார்க்கலாம். 10,000 சதுர மீட்டர் மனை, சதுர மீட்டர் 2,000 ரியால் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மதிப்பு 2 கோடி ரியால். 2.5 சதவீத வரி 5 லட்சம். நில விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுமானால் உரிமையாளருக்கு 16 லட்சம் கூடுகிறது. வரி போக 11 லட்சம் மிச்சம். ஒரு செங்கல்கூட வைக்க வேண்டியதில்லை. வரியே 10 சதவீதமானால் 20 லட்சம் கட்ட வேண்டும். அப்போது காத்திருப்பது நஷ்டம்.

ரியாத்தில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். சொந்த வீட்டில் வாழும் சவுதிக் குடும்பங்கள் 2016இல் 47 சதவீதமாக இருந்து 2024இல் 65 சதவீதத்தைத் தாண்டின. அதில் பெரும் பங்கு 'சகனி' போன்ற திட்டங்களின் வழி கிடைத்த மானியக் கடனுக்கு உரியது. கடன் எளிதானது, நிறுவனங்களும் மக்களும் ரியாத்தில் குவிந்தார்கள், நில விலையும் வாடகையும் கூடவே ஏறின.

2025 திருத்தம்

2025 ஏப்ரலில் அமைச்சரவை சட்டத்தைத் திருத்தியது. உச்ச விகிதம் 10 சதவீதம் ஆனது. ஒருவர் ஒரு நகரில் வைத்திருக்கும் மொத்த நிலம் 5,000 சதுர மீட்டர் இருந்தாலே வரி வரம்புக்குள் வரும். ரியாத் நகரம் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு 10, 7.5, 5, 2.5 சதவீதம் என்று விகிதங்கள் வகுக்கப்பட்டன. பூட்டிக் கிடக்கும் கட்டிடங்கள் மீதும், மதிப்பில் 5 சதவீதத்தைத் தாண்டாத கட்டணம் விதிக்க வழி செய்யப்பட்டது. 2025 செப்டம்பர் 25 முதல் ரியாத்தில் வாடகை உயர்வும் ஐந்தாண்டுகளுக்கு நிறுத்தப்பட்டது. குவைத்தும் 2023இல் காலி மனைகளைப் பதுக்குவதற்கு எதிராகச் சட்டம் இயற்றியிருக்கிறது.

துபாய் வழி வேறு

துபாயில் நிலத்தின் மீது ஆண்டு வரி கிடையாது. சொத்து கைமாறும்போது 4 சதவீதக் கட்டணம் உண்டு. 2013 அக்டோபர் வரை அது 2 சதவீதமாக இருந்தது. இதைத் தவிர, வாடகைக்குக் குடியிருக்கும் வெளிநாட்டவர் ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தை மாநகராட்சிக்கு வீட்டுவசதிக் கட்டணமாகச் செலுத்துகிறார். 60,000 திர்ஹம் வாடகை என்றால் ஆண்டுக்கு 3,000. மாதம் 250 வீதம் மின்சார, தண்ணீர் ரசீதோடு சேர்ந்து வரும். பலர் அதை மின்கட்டணத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேறுபாடு இங்கேதான். துபாய்க் கட்டணம் குடியிருப்பவர் மேல் விழுகிறது. வாடகை ஏறினால் அதுவும் ஏறும். சவுதி வரி, குடியிருக்க விடாமல் நிலத்தை முடக்கியவர் மேல் விழுகிறது. வெற்று மனையில் வாடகைதாரர் இல்லை, எனவே வரியை யார் தலையிலும் கட்ட முடியாது. விற்கப் போனாலும், வாங்குபவர் இனி வரப்போகும் வரியைக் கணக்கிட்டு விலையைக் குறைத்தே கேட்பார். நிலத்தை வரிக்கு அஞ்சி வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. அமெரிக்கரான ஹென்றி ஜார்ஜ் 1879இல் வெளிவந்த 'முன்னேற்றமும் வறுமையும்' நூலில் வாதிட்டதன் சாரம் இதுதான்: ஊர் வளர்வதால் ஏறும் நில மதிப்பு ஊருக்கே உரியது, ஆகவே உழைப்புக்கு வரி போடாமல் நிலத்துக்குப் போடுங்கள்.

இதில் சிக்கல்களும் உண்டு. நிலத்தின் உண்மை மதிப்பைக் கணிப்பது எளிதல்ல. கணிப்பு தவறினால் வழக்கு வரும். கட்டுவதற்கு ஆளும் கடனும் இல்லாவிட்டால் வரி மட்டும் வீடு தராது. வரி போட்ட மறுநாள் வாடகை குறையும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. மனை வீடாக மாறச் சில ஆண்டுகள் ஆகும்.

நம் ஊர் மனைகள்

தமிழ்நாட்டிலும் காலி மனை வரி இருக்கிறது. சென்னை மாநகராட்சியும் நகராட்சிகளும் விதிக்கின்றன. அது சந்தை மதிப்பில் சதவீதமாக அல்லாமல் சதுர அடிக் கணக்கில் விதிக்கப்படுவதால், ஏறும் விலைக்கு முன் தொகை பெரிதாகத் தெரிவதில்லை. கட்டிட அனுமதி கேட்டுப் போகும்போதுதான் பலர் பாக்கியைக் கட்டுகிறார்கள்.

இங்கே நமக்கும் பங்கு இருக்கிறது. துபாயிலும் தோகாவிலும் வாடகை ஏறும்போது புலம்பும் நாம், மிச்சம் பிடித்த பணத்தில் செங்கல்பட்டிலும் திருச்சிப் புறநகரிலும் மனை 'வாங்கிப் போடுகிறோம்'. வேலி போட்ட அந்த மனைகளைத் தாண்டி, ஊரில் வேலை பார்க்கும் இளைஞர்கள் இன்னும் தொலைவில் வீடு தேட வேண்டியிருக்கிறது. ஒற்றை மனைக்காரரும் ஏக்கர் கணக்கில் வளைத்தவரும் ஒன்றல்ல என்பது உண்மையே. சவுதிச் சட்டத்தின் 5,000 சதுர மீட்டர் வரம்பும் அந்த வேறுபாட்டை மதிக்கிறது. அப்படியொரு வரம்போடு, சந்தை மதிப்பில் கணக்கிட்ட காலி மனை வரி தமிழ்நாட்டிலும் வந்தால் நம்மில் எத்தனை பேர் ஆதரிப்போம் என்பது யோசிக்க வேண்டிய கேள்வி.